நாடு பிரிகிற நாளுக்கு மறுநாள் கலியாணம்

பயண முகவர் வேலையில் ரிக்கற் போடுவது சின்னப் பகுதி. மற்ற நேரமெல்லாம் எங்கள் கையில் இல்லாத விஷயங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்போம். கவுண்டருக்குப் பின்னால் நின்று களைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே வெளியேறப்போகிறது என்ற பேச்சு உச்சத்தில் இருந்தபோது, கனடாவில், மோர்னிங்சைட்டில் உள்ள எங்கள் கடைக்கும் அந்தத் தலையிடி வந்து சேர்ந்தது.

ஐயர் வைத்த நாள்

கமலா அன்ரி, மகள் தர்சினியின் கலியாணத்துக்கு லண்டன் ரிக்கற் கேட்டு வந்தார். மாப்பிள்ளை அங்கேதான் இருக்கிறார். அன்ரியின் கணவர் உயிரோடு இல்லை. ஆகவே பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் பாரிசில் இருக்கும், கணவரின் தமையன் குணம் அண்ணையும் அவர் மனைவியும்.

ஐயர் குறித்த நாளைப் பார்த்தேன். இங்கிலாந்து வெளியேறுவதாகச் சொன்ன நாளுக்கு மறுநாள். ஒப்பந்தம் இல்லாமல் போனால் எல்லையில் என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது, நாளைக் கொஞ்சம் தள்ளலாமா என்று கேட்டேன்.

"ஐயர் வைச்ச நாளை மாத்தேலாது தம்பி. இங்கிலாந்துக்காரரை ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுமன்."

போனில் குணம் அண்ணை

அன்று பின்னேரம் குணம் அண்ணையே பாரிசிலிருந்து எடுத்தார். அவருக்குச் சிறுநீரகம் பழுது. ஒன்றுவிட்ட ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கனடா வர வழியில்லை. கடலுக்கு அடியால் போகிற ரயிலில் காலையில் லண்டன் போய் இரவு திரும்பலாம். அதற்காகவே கலியாணத்தை லண்டனில் வைத்திருந்தார்கள்.

அவரிடம் இருப்பது பிரெஞ்சு அடையாள அட்டை மட்டும். இத்தனை காலமும் அதைக் காட்டித்தான் போய் வந்திருக்கிறார். இனி அதை ஏற்பார்களா என்பதுதான் கேள்வி. பாஸ்போட் எடுக்கச் சொன்னேன். விண்ணப்பிக்கக் கிடைத்த திகதியே கலியாணத்துக்குப் பிறகுதானாம். சரி, ஒரு கிழமை முந்திப் போய் நில்லுங்கோ அண்ணை என்றேன்.

"முந்தியும் போகேலாது, பிந்தியும் நிக்கேலாது தம்பி. எனக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கு. உந்த இங்கிலாந்துக்காரருக்கும் பிரிஞ்சு போக அந்தக் கிழமைதான் கிடைச்சுது."

பாரிசுக்கு

"அப்ப பாரிசில வைப்பம், what's the big deal?" என்றாள் தர்சினி. மாப்பிள்ளை வீட்டாரும் சம்மதித்தார்கள். ஐயர் முகூர்த்தத்தைப் பாரிஸ் நேரத்துக்குக் கணித்துத் தந்தார். நான் எல்லோருடைய ரிக்கற்றையும் மாற்றத் தொடங்கினேன்.

பிறகுதான் மாப்பிள்ளையின் தமையன் ரகுவின் நிலைமை தெரிந்தது. லண்டனில் அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே வர முடியாது. நான் கையை நிறுத்தினேன். அன்ரி அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"குணம் அங்கிள் இல்லாமல் தாரை வார்க்கேலாது அன்ரி. நான் இல்லாமல் எல்லாம் நடக்கும். பாரிசிலயே வையுங்கோ."

செய்தி வந்த நாள்

ரிக்கற்றெல்லாம் மாற்றி முடித்த கையோடு செய்தி வந்தது: இங்கிலாந்து இப்போதைக்கு வெளியேறவில்லை, தவணை கேட்டிருக்கிறது. லண்டன் மண்டபத்தை அதற்குள் வேறொரு குடும்பம் எடுத்துவிட்டது. அன்ரி குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

"பொறுக்கச் சொன்னது நான்தான். ஆனா நாங்கள் பாரிசுக்கு மாத்தினாப் பிறகே இங்கிலாந்துக்காரர் என்ர சொல்லைக் கேக்கிறது?"

அறுகரிசி

கலியாணம் முடிந்து அன்ரி பலகாரப் பெட்டியோடு வந்தார். தாரை வார்க்கும்போது குணம் அண்ணையின் முழங்கையை மனைவி பிடித்துக்கொண்டாராம். அடுத்த நாள் காலையில் அண்ணை வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

ரகுவை ஒரு போனில் வீடியோவில் எடுத்து, மணவறைப் பக்கம் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லோரும் அறுகம்புல் கலந்த அறுகரிசி போட்டு வாழ்த்தியபோது, லண்டனில் தன் குசினிக்குள் நின்று அவரும் தன்னுடைய போனின் மேல் அரிசி போட்டிருக்கிறார். அன்ரிக்கு அதைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. அவர்தான் அன்ரியைத் தேற்றியிருக்கிறார்.

"அழாதேங்கோ அன்ரி. இங்கிலாந்தும் வெளிக்கிடேல்லை, நானும் வெளிக்கிடேல்லை. இப்ப இந்த அரிசியைத்தான் கூட்டி அள்ளவேணும்."

நாடுகள் தாங்கள் போகிற நாளை எத்தனை தரமும் தள்ளிவைக்கலாம். அவை போகும் என்று நம்பி ரிக்கற் மாற்றியவர்களுக்குத்தான் அந்த வசதி கிடையாது.