கடைக்காரரின் ஆட்டோவுக்குக் கீழே

காருக்கு எண்ணெய் மாற்றுவதை இனி வீட்டிலேயே செய்வதென்று முடிவு செய்திருக்கிறேன். பழைய எண்ணெயைப் பிடிக்கும் தட்டு வாங்க இன்று பலாபத்வலயில் ஒரு கடைக்குப் போனேன்.

எங்கள் கார் நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே கிணறு இருக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அதுதான் குடிதண்ணீர். அதனால் தட்டு ஒழுகவே கூடாது.

கடைக்காரர் ஒரு சிவப்புத் தட்டை நீட்டினார். எண்ணெயை வெளியே ஊற்றும் திருகுமூடி இருக்கும் பக்கத்தை மட்டும் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். வகுப்பில் கொப்பியை மூடியபடி நீட்டும் பிள்ளையின் கொப்பியைத்தான் நான் முதலில் திறப்பேன்.

"கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாப்போமா தம்பி?"

"ஐயோ டீச்சர், இது எண்ணெய்க்குச் செஞ்சதுங்க. தண்ணி லேசா கசியும். எண்ணெய் கெட்டியானது, கசியாது."

"எஞ்சின் சூட்டோட இறக்குனா எண்ணெயும் தண்ணி மாதிரிதானே ஓடும்?"

அவர் சிரித்தார். "நம்பி எடுங்க டீச்சர். நானே இதத்தான் பாவிக்கிறேன்."

"அப்ப உங்க தட்டக் காட்டுங்க."

கடைக்குப் பின்னால் அவருடைய ஆட்டோவிலிருந்து எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தது, ஒரு பக்கம் வெட்டிய பழைய பிளாஸ்டிக் கேன். தரையில் ஒரு சொட்டும் இல்லை.

"அது இன்னைக்கு மட்டுந்தான் டீச்சர்," என்றார்.

தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் ஒரு காலிக் கேன் கிடக்கிறது. அதை வெட்டி, இப்போது தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். அதையும் நான் உடனே நம்பிவிடவில்லை.

நீங்கள் பழைய எண்ணெயை எதில் பிடிக்கிறீர்கள்? யாரும் சொல்லலாம்; தட்டு விற்பவர்கள் மட்டும், தாங்கள் பிடிப்பதன் படத்தோடு பதில் சொல்லவும்.