வடக வீட்டு அம்மா கொடுத்த புடவை

1956-ஆம் வருஷம். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் புதுச்சேரி பஸ் நிலையத்தில் வந்து இறங்கினேன். அந்த ஊருக்கு நான் வந்தது அதுதான் முதல் தடவை. விழுப்புரம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், ஊர் நம்முடையதாகிவிட்டது என்று பேப்பரில் படித்ததைத் தவிரப் புதுச்சேரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளி ஒன்றில் தையல் டீச்சர் வேலை காலியாக இருந்தது. மூன்று மணிக்கு இன்டர்வியூ. கையில் ஒரு துணிப்பை. அதில் நான் பூவேலை செய்த கைக்குட்டைகள், ஒரு குழந்தைக் கவுன், ஊசி நூல் டப்பா. அவ்வளவுதான் என் ஆஸ்தி.

அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். எங்கள் தாய்மாமா ஒரு இடம் பார்த்து வைத்திருந்தார். அரிசி மில் வைத்திருக்கும் மனிதர், மனைவி இறந்தவர், அவருடைய மூத்த மகளுக்கு என்னைவிட ஒரு வயது கூட. "வேலை கிடைச்சா உன் இஷ்டம். கிடைக்கலன்னா என் இஷ்டம். அப்புறம் வாயத் திறக்கக் கூடாது" என்று மாமா சொல்லிவிட்டார். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். "சரி" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

வீட்டில் உருப்படியாக இருந்த ஒரே புடவை அம்மாவின் வெளிர்நீல வாயில் புடவை. அதற்குக் கஞ்சி போட்டு, சொம்புக்குள் நெருப்புத் துண்டுகளைப் போட்டுத் தேய்த்து, கத்தி முனை மாதிரி மடிப்பு வைத்திருந்தேன். அது கசங்கக் கூடாது என்று பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் வழி நெடுக நின்றுகொண்டே வந்தேன். தையல் டீச்சர் வேலைக்குப் போகிறவள் கசங்கிய புடவையில் போய் நின்றால் யார் மதிப்பார்கள்?

பள்ளிக்கூடம், ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரத் தெருக்களில் இருக்கிறது என்றார்கள். நேரம் நிறைய இருந்ததால் நிழல் பார்த்து மெதுவாக நடந்தேன். ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை வந்து முகத்தில் மோதியது. வெங்காயமும் பூண்டும் கடுகும் வெந்தயமும் விளக்கெண்ணெயும் சேர்ந்த வாசனை. நம் பக்கத்தில் மீன் குழம்புக்கும் கீரைக்கும் தாளிப்போமே, அந்த வடகத்தின் வாசனை. ஆனால் ஒரு வீட்டு வாசனையாக இல்லை, ஊருக்கே வடகம் போட்ட மாதிரி இருந்தது.

வாசனை வந்த வீட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். தெருவின் பாதி நீளத்துக்கு அந்த ஒரே வீடுதான். ஆளுயரத்துக்கு மேல் வளைந்த ஜன்னல்கள், உருண்டைத் தூண்கள், மாடியில் இரும்புப் பூவேலை செய்த நீளமான தாழ்வாரம். அரண்மனையோ என்று நினைத்தேன். பிற்பாடு தெரிந்த கதை என்னவென்றால், அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அந்தக் காலத்தில் சைகோனுக்குக் கப்பல் ஏறுகிறவர்களுக்கு வடகம் உருட்டி விற்க ஆரம்பித்தாராம். நம் ஆட்கள் தின்றது போக வெள்ளைக்காரத் துரைகளுக்கும் நாக்கில் ஒட்டிக்கொண்டு, பீப்பாய் பீப்பாயாகப் பிரான்சில் மர்சேய் துறைமுகம் வரைக்கும் போயிருக்கிறது. பர்மாத் தேக்கும் பூப்போட்ட தரையும் அப்படி வந்தவைதான். ஊரில் அதற்கு வடக வீடு என்றே பெயர்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போதே மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு புழுதிக் காற்று அடித்தது. உடனே அந்த வீட்டு மொட்டை மாடியிலிருந்து மணி அடித்தது. கோயில் மணி மாதிரி நிதானமாக அல்ல, பதறிப்போய் அடிக்கிற மணி. வீடு தீப்பற்றிக்கொண்டது என்றே நினைத்தேன். அக்கம்பக்கத்துக் கதவுகள் எல்லாம் திறந்தன. சோற்றுக் கையோடு ஒருவர் ஓடி வருகிறார். தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு ஓடுகிறார். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு ஓடுகிறார். ஒரு பெண்மணி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா நிக்கிற? ஏறு மேல. மழ வந்துடப் போவுது."

என்ன, ஏது என்று கேட்க விடவில்லை. துணிப்பையை மாடிப்படி ஓரத்தில் வைக்க மட்டும் எனக்கு அவகாசம் கிடைத்தது.

மேலே போனால் மொட்டை மாடி முழுக்கப் பாய்கள். பாய் முழுக்க ஈரம் காயாத வடக உருண்டைகள். வருஷத்துக்கு ஒருமுறை கோடையில் போடும் வடகம். ஒரு மழை பட்டால் பூஞ்சணம் பூத்து அத்தனையும் வீண். அதனால்தான் மணி. பழைய கப்பல் ஒன்றிலிருந்து வாங்கி மாட்டிய மணியாம். மணி அடித்தால் தெருவே ஏறிவந்து பாய் தூக்க வேண்டும். பதிலுக்கு அந்தத் தெருவில் யார் வீட்டிலும் வடகம் போடுவதில்லை. வருஷம் முழுவதும் வேண்டியது வடக வீட்டிலிருந்து போய்விடும்.

மூலைக்கு ஒருவராகப் பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என் மூலையை நான் உயர்த்திப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. பாய் சரிந்து, உருண்டைகள் எல்லாம் என் மேலேயே உருண்டு வந்தன. வேறு வழியில்லாமல் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டே படியிறங்கினேன். கடைசிப் பாய் உள்ளே போகவும் மழை சடசடவென்று கொட்டவும் சரியாக இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டேன்.

கழுத்திலிருந்து கால் வரை மஞ்சளும் எண்ணெயும். விளக்கெண்ணெய்க் கறை. சாதாரணமாகப் போகிற கறையா அது? அரிசி மில்காரர் என் கண் முன்னால் வந்து நின்றார். அந்தக் கூட்டத்தின் நடுவில் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கார அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி. மழையில் அவரும் நனைந்திருந்தார்.

"யாரு வீட்டுப் பொண்ணு நீ?"

"நான் இந்த ஊரே இல்லீங்க. மூணு மணிக்குக் கான்வென்ட்டுல தையல் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ."

"அட கடவுளே. அப்புறம் எதுக்கு மேல ஏறின?"

"கையப் புடிச்சி இழுத்துட்டாங்க."

என்னை இழுத்து வந்த பெண்மணி நைசாக நழுவிவிட்டாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. சமையல் செய்கிற அக்காவைக் கூப்பிட்டுத் தண்ணீர் காயவைக்கச் சொன்னார். நான் கைகால் கழுவி வந்ததும் மாடி அறைக்கு அழைத்துப் போனார். அங்கே சுவர் உயரத்துக்கு ஒரு பீரோ. ஆனால் அவர் அறைக்குள் வரவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று சாவியை அந்த அக்காவிடம் கொடுத்தார்.

"நல்ல காரியத்துக்குப் போற பொண்ணு. நான் எடுத்துக் குடுக்கக் கூடாது. இவ எடுத்துக் குடுப்பா. ஆனா பொடவ என்னுதுதான். அதுவும் வேணாம்னா தயங்காம சொல்லிடும்மா, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

இத்தனை பெரிய வீட்டின் சொந்தக்காரி, தன் பீரோவைத் தானே திறக்கத் தயங்கி வாசலில் நிற்கிறார். கட்டிய புடவைகளை அப்படியே பூட்டி வைத்துவிட்டு வெள்ளைக்கு மாறியவர். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் என் நீள வாய் உதவிக்கு வந்தது.

"உள்ள வந்து நீங்களே எடுத்துக் குடுங்கம்மா. என் பொடவையக் கெடுத்தது உங்க வடகந்தானே? வேற குடுக்கறதும் நீங்களாத்தான் இருக்கணும்."

அந்த அக்கா திடுக்கிட்டுப் போனாள். அந்த அம்மா அவளிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு உள்ளே வந்தார்.

பீரோவைத் திறந்ததும் ரசகற்பூர உருண்டை வாசனை. அதையும் மீறி லேசாக வடக வாசனை. ஒவ்வொரு புடவையாக எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தார். "இது கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு... இது உன் நெறத்துக்கு ஒத்து வராது." எனக்கு நேரமாகிறது என்பதையே மறந்துவிட்டார். கடைசியில் வெங்காயச் சருகு நிறத்தில் மெல்லிய பச்சைக் கரை வைத்த பட்டு ஒன்றை எடுத்தார். அதைத் தடவிக்கொண்டே முதல் தடவையாகச் சிரித்தார்.

"இது எங்க வீட்டுக்காரரு எடுத்தது. வெங்காயத்துல சம்பாதிச்சோம், வெங்காயக் கலர்லயே கட்டிக்கன்னாரு."

அவருடைய ரவிக்கை எனக்குத் தொளதொளவென்று இருந்தது. என் டப்பாவிலிருந்து ஊசியை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். மழை இருட்டில் கண் தெரியவில்லை. அவர் ஜன்னல் கதவைத் திறந்து, சாரல் முகத்தில் அடிக்க அடிக்க, நான் முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு டம்ளர் மோர் குடிக்க வைத்து, ரிக்‌ஷா பிடித்து, துணைக்கு அந்த அக்காவையும் ஏற்றி அனுப்பினார்.

பள்ளியின் தலைமை சிஸ்டர் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. நம் ஊரிலேயே காலம் கழித்தவர், தமிழ் நன்றாகவே வந்தது. நான் உள்ளே நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"வடக வீட்டுல மணி அடிச்சாங்களா? மழ வந்தா பாதி ஊருக்கு இந்த வாசனதான்."

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் கைக்குட்டைகளைப் பார்த்தார், கவுனைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் ரவிக்கையின் பக்கத் தையலை விரலால் இழுத்துப் பார்த்தார். அவசரத்தில் போட்ட தையல்தான், ஆனால் கோடு போட்ட மாதிரி இருந்தது. ஜூன் மாதம் வந்து சேரச் சொன்னார். நான் வெளியே வந்து அந்த அக்காவைக் கட்டிக்கொண்டேன். மாமாவுக்குத் தந்தி கொடுக்கலாமா என்றுகூட ஒரு குறும்பு தோன்றியது.

வேலையில் சேர்ந்து முதலியார்பேட்டையில் ஒரு அறை எடுத்த பிறகு, முதல் வெள்ளிக்கிழமையே புடவையை மடித்து எடுத்துக்கொண்டு வடக வீட்டுக்குப் போனேன். அவர் வாங்கவில்லை.

"பூட்டி வெக்கவா திருப்பித் தர? ஒண்ணு செய். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இதக் கட்டிக்கிட்டு நம்ம தெரு வழியா நடந்து போ. நான் மாடியிலேருந்து பார்த்துக்கறேன். அது போதும்."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாயந்திரம் பள்ளி விட்டால் எனக்குச் சுற்றுவழிதான். அவர் மேல் தாழ்வாரத்தில் நிற்பார். கையசைக்க மாட்டார், கூப்பிட மாட்டார். நான் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு இருப்பார். ஒருநாள் மட்டும் அந்த அக்கா பின்னாலேயே ஓடிவந்து, "கொசுவம் ஒரு பக்கமா ஏறிக்கினு இருக்குதாம், சரிபண்ணிக்கச் சொன்னாங்க" என்றாள். தெருவென்றும் பாராமல் நின்று சரிசெய்துகொண்டு மேலே பார்த்தேன். தலையை ஆட்டினார்.

எனக்குக் கல்யாணம் ஆனது. நானே பார்த்துச் சரி என்று சொன்ன மனிதர். அந்த அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை, கூப்பிட்டும் வரமாட்டேன் என்றுவிட்டார். அதனால் அடுத்த வெள்ளிக்கிழமை அதே புடவையில், கணவரையும் அழைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தேன். எதற்கு இந்தச் சுற்று என்று அவர் கேட்டார். "மேல பாருங்க" என்றேன்.

1962-ல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வடக வீட்டு அம்மா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நான் பெட்டியைத் திறந்து அந்தப் பட்டைத்தான் எடுத்தேன். சாவு வீட்டுக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு வந்தவளைத் தெருவே முறைத்துப் பார்த்தது. "இன்னா பொம்பள இவ" என்று ஒரு குரல் காதில் விழுந்தது. சமையல் செய்கிற அக்கா மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். என் கையைப் பிடித்துக் கூட்டத்தின் வழியாக அழைத்துக்கொண்டு போய், அவர் முகத்துக்கு நேராக என்னை நிறுத்தினாள்.

"அம்மா, பாரு, கட்டிக்கினு வந்திருக்குது" என்றாள்.

அந்தப் புடவை இப்போது மடிப்பு மடிப்பாக விட்டுப்போய்விட்டது, கட்ட முடியாது. ஆனால் இந்த வயதிலும் எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாலும், யாரோ ஒருவர் மாடியிலிருந்து ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில், கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்திக் கொஞ்சம் மெதுவாகவே நடக்கிறேன்.