தானாக நகர்ந்த மஞ்சள் சீட்டுகள்

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முக்கால் மணி நேரம் கண்ணயர்வது அவளுடைய இருபது வருடப் பழக்கம். அன்று எழுந்து முகம் கழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்தவள், துண்டும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகளில் இரண்டு இடம் மாறியிருந்தன.

அவள் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பது பிழைப்பு. நாற்பத்தேழாவது வயதில் மேனேஜர் கூப்பிட்டு, "மேடம், இனிமே டெஸ்டர்னு தனியா யாரும் கிடையாது. மாசக் கடைசிக்குள்ள அஜைல், அதான் நம்ம சீட்டு ஒட்டி வேலை நடத்துற முறை, அதுல சர்டிபிகேட் வாங்கிட்டா டீம் லீட். இல்லேன்னா..." என்று இழுத்தான். இழுத்ததை அவளே முடித்துக்கொண்டாள். மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. கணவரின் மோட்டார் பட்டறை ஓடினால் ஓடும், படுத்தால் படுக்கும்.

வகுப்புக்குப் போக நேரமில்லை. தலையணை மாதிரி ஒரு புத்தகம், சில மாதிரித் தேர்வுகள், அப்புறம் இந்தச் சுவர். அலுவலகப் பலகையில் அவரவர் வேலைகளை ஒட்டுவதுபோலவே பாடங்களைச் சீட்டில் எழுதி மூன்று வரிசையாக ஒட்டியிருந்தாள்: செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது. தோற்றால் நாலு பேர் சிரிப்பார்களே என்று, வீட்டு ஆட்களையும் மேனேஜரையும் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது 'முடிந்தது' வரிசையில் இருந்த அந்த இரண்டு பாடங்களையும் அவள் இன்னும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"யாருடி என் சீட்டைத் தொட்டது?"

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாரு," என்றாள் மகள். "நீயே நகர்த்திட்டு என்னைக் கேக்குறியா?"

"நான் அந்தச் சுவர்ப் பக்கமே போறதில்ல," என்றார் கணவர். "உரசினாலே வாங்கிக் கட்டிக்கணும்."

டெஸ்டர் புத்தி சும்மா இருக்குமா? ஒரு பிழை மறுபடி நடக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வெளியே அனுப்பி, கதவை உள்ளே தாழிட்டுவிட்டுப் படுத்தாள். எழுந்தபோது தாழ் போட்டபடியே இருந்தது. மூன்று சீட்டுகள் நகர்ந்திருந்தன. அந்தப் பாடங்களின் மாதிரித் தேர்வை எழுதிப் பார்த்தாள். படிக்காத பாடத்தில் பத்துக்குப் பத்து. சந்தோஷப்படத் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை மகள் தன் போனைப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்துப் படம் பிடித்தாள். சாயங்காலம் இருவரும் சேர்ந்து பார்த்தார்கள்.

படத்தில் அவள் திறந்த கண்ணோடு வருகிறாள். சாப்பாட்டு மேஜையின் நான்கு நாற்காலிகளையும் இழுத்துச் சுவரைப் பார்க்கப் போடுகிறாள். எதிரில் நின்று ஒவ்வொரு நாற்காலியாகக் கேட்கிறாள். "நேத்து என்ன பண்ணே? இன்னிக்கு என்ன? ஏதாவது தடங்கல் இருக்கா?" பதிலுக்குக் காத்திருக்கிறாள். தலையாட்டுகிறாள். இரண்டாவது நாற்காலி சொன்னதற்குச் சிரிக்கிறாள். நான்காவதன் முன்னால் மட்டும், யாரோ இருமி முடிக்கட்டும் என்பதுபோல நெடுநேரம் நிற்கிறாள். பிறகு பாடத்தைத் தெளிவாக விளக்கிவிட்டு, சீட்டை எடுத்து 'முடிந்தது' வரிசையில் ஒட்டுகிறாள்.

"தூக்கத்துலயும் மீட்டிங்காம்மா உனக்கு?" மகள் கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள், பிறகு படத்தை நிறுத்தினாள். "யாரும்மா அவங்கல்லாம்?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. பெரியவர், கணக்குப்புலி, தூங்குமூஞ்சி, இருமல்காரி. அவளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள். நான்கு பேரும் வேலையில் கெட்டி, சீட்டை நகர்த்துவதில் மட்டும் மறதி. தினமும் கிளம்பும் முன் அவள்தான் அவர்களுடையதையும் 'முடிந்தது' பக்கம் ஒட்டிவிட்டுப் போவாள். ஆறு மாதத்துக்கு முன் ஒரு வாரம் அலுத்துப்போய், 'அவங்கவங்க சீட்டை அவங்கவங்கதான் நகர்த்தணும், அதுதானே சட்டம்' என்று கையைக் கட்டிக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமை, யார் வேலையை முடிக்கவில்லை என்று பார்க்க மேலிடம் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போனது. நகராத சீட்டுக்காரர்கள் நான்கு பேருக்கும் அடுத்த வாரம் வேலை போயிற்று.

"அவங்க வேலை முடிஞ்சுதுன்னு மேலிடத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. அப்புறம் போன் பண்ணவும் முகமில்ல," என்றாள் மகளிடம்.

தேர்வு கடைசிச் சனிக்கிழமை இரண்டு மணிக்கு, வீட்டிலிருந்தே, கணினி வழியாக. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது கண்டிப்பு. கணவரும் மகளும் வெளியே போனதும் வாசலைத் தாழிட்டாள். 'தேர்வு' என்ற கடைசிச் சீட்டை 'நடப்பது' வரிசையில் ஒட்டிவிட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

பாதிக் கேள்வி தாண்டியபோது இருமல் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மூன்று வருடம் பக்கத்து இருக்கையில் கேட்ட இருமல்.

கணினியில் கண்காணிப்பாளர் பேசினார். "மேடம், யாரோ இருமறாங்க. ரூம்ல வேற யாராவது இருக்காங்களா? இருந்தா தேர்வை இத்தோட நிறுத்தணும்."

அப்படியென்றால் அவருக்கும் கேட்டிருக்கிறது, தனக்கு மட்டும் கேட்டதல்ல. திரும்பிப் பார்க்க வேண்டும்போல் கழுத்து துடித்தது. திரும்பவில்லை.

"நான்தாங்க இருமினேன்," என்றாள். "தூசி."

"சரி, எழுதுங்க."

கடைசிக் கேள்விக்குப் பிறகு திரையில் 'தேர்ச்சி' என்று வந்தது. அவள் மெதுவாக எழுந்து கூடத்துக்கு வந்தாள். நான்கு நாற்காலிகளும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வாசல் தாழ் போட்டபடி இருந்தது. 'தேர்வு' சீட்டு 'முடிந்தது' வரிசையில், நான்கு மூலையும் அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது. இந்தத் தடவை அவள் ஒரு நிமிடம்கூடக் கண்மூடவில்லை.

போனை எடுத்து, ஆறு மாதமாகத் தொடாத எண்ணை அழுத்தினாள்.

"அடடே, அத்தி பூத்த மாதிரி!" என்றாள் இருமல்காரி, தூக்கக் கலக்கத்தோடு.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வாரம் உங்க சீட்டையெல்லாம் நான் வேணும்னுதான் நகர்த்தாம..."

"தெரியும்டி. அதை அப்புறம் பேசலாம். சாப்பிட்டுப் படுத்தவ இப்பத்தான் முழிக்கிறேன், உடம்பெல்லாம் எங்கேயோ அலைஞ்சுட்டு வந்த மாதிரி அசதி." இருமினாள். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. "முதல்ல நீ சொல்லு. பாஸா?"