முரட்டு வீரனும் எங்கள் அப்பாவும்

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில், அக்கா தன் ஆய்வுத் தாள்களோடு எழுந்து நின்றாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து தாதிச் சீருடையோடே வந்து, கடைசிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். அன்று பேராசிரியர் தலையசைக்காவிட்டால் அவளுடைய ஆய்வு அத்தோடு நின்றுவிடும்.

இடைக்காலப் பிரெஞ்சு வீரகாவியங்களில் இறந்தவர்களுக்காக எழும் புலம்பல்களையே அக்கா ஆராய்ந்தாள். அவற்றில் அவளை விடாமல் பிடித்துக்கொண்ட விசித்திரம் ஒன்று. உயிரோடிருந்தவரை யார் சொல்லும் கேளாத முரடனாகத் திரிந்த வீரன், போர்க்களத்தில் விழுந்ததும் தோழனின் புலம்பலில் சாந்தமானவனாகிவிடுகிறான்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெறும் சம்பிரதாயப் புகழ்ச்சி இது. முன்பு பாடியதைக் கவிஞரே மறந்துவிட்டார். இதில் ஆராய என்ன இருக்கிறது?"

அக்கா தாள்களைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, நான் சற்றும் எதிர்பாராதபடி, எங்கள் அப்பாவைப் பற்றி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். கோபம் வந்தால் சோற்றுக் கோப்பையை முற்றத்தில் வீசுபவர். அம்மாவோடு முப்பது வருடம் சண்டை பிடித்தவர். அவர் இறந்த அன்று அம்மா கதறியதை மட்டும் தமிழிலேயே சொன்னாள்.

"ஒரு சொல்லு அதிர்ந்து பேசாத என்ரை ராசாவே!"

எனக்கு முகம் எரிந்தது. வீட்டு விஷயத்தை இப்படியா சபையில் வைப்பது?

அக்கா அதன் பொருளைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். "அம்மா எதையும் மறக்கவில்லை. அத்தனை சண்டைக்கும் அடியில் தான் மட்டும் கண்ட மனிதரை ஊருக்குக் காட்டினாள். அந்தத் தோழனும் அதைத்தான் செய்கிறான். இறந்தவர் யார் என்பதை, அவருக்காக அழுகிறவர்களே சொல்லி முடிக்கிறார்கள்."

பேராசிரியர் கண்ணாடியை மீண்டும் மாட்டிக்கொண்டார். "என் தந்தையின் இறுதிச் சடங்கில், அவரைப் பொறுமைசாலி என்று நானும் சொன்னேன்" என்றார். அவர் முகத்தில் மெல்லச் சிரிப்புப் பரவியது. "எழுதுங்கள். ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்."

யாரோ கைதட்டினார்கள். மறுகணம் அறையே தட்டியது. நானும்தான்.

திரும்பும்போது டிராமில் என் கோபம் மீண்டும் எட்டிப் பார்த்தது. "அப்பாவை ஏனக்கா அங்கை இழுத்தனீ?"

"இழுக்கேல்லையடி" என்றாள் அக்கா, கண்கள் மின்ன. "கூட்டிக்கொண்டு போனனான்."

ஆய்வேடு ஏற்கப்பட்டது; அவள் கலாநிதியானாள். பிரெஞ்சில் ஒரு சொல்லும் அறியாத, கடலே கடந்திராத அப்பா இன்று மெல்பேர்னில் ஒரு நூலக அடுக்கில் அந்த வீரர்களுக்கு நடுவே இருக்கிறார், ஒரு சொல்லும் அதிர்ந்து பேசாத ராசாவாக.