உஷ் மச்சானின் இருமல்

என் அக்கா புருஷனுக்கு வேலை செய்யும் இடத்தில் 'உஷ்' என்று பெயர். படங்களுக்குக் குரல் பதிவு செய்யும் கூடத்தில் அவர் ஒலிப்பதிவாளர். கண்ணாடிக்குப் பின்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பேச வந்தவரின் வயிற்றுக்குள் நடப்பதுகூட அவருக்குக் கேட்கும். "சார், உங்க வயிறு உறுமுது. ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டு வந்துடுங்க" என்று எவ்வளவு பெரிய நடிகரையும் வெளியே அனுப்பிவிடுவார். கோபப்பட்டதில்லை, குரலை உயர்த்தியதில்லை. விரல் மட்டும் உதட்டுக்குப் போகும்.

இப்பேர்ப்பட்ட மனிதர் போயும் போயும் என் அக்காவைக் கட்டிக்கொண்டார். அவள் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள். நானும் லேசுப்பட்டவன் இல்லை. நான் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தால் மச்சான் ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய்விடுவார். ஆனாலும் எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். நான் உளறுவதை நடுவில் வெட்டாமல் கடைசிவரை கேட்கிற ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான்.

அவருக்குப் பைபாஸ் நடந்தது. மார்பெலும்பை நடுவில் பிளந்து, காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை இதயத்தில் வைத்துத் தைத்து, எலும்பைக் கம்பியால் கட்டி மூடினார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எங்கள் உயிரை வாங்கியது அதற்குப் பிறகு அவர் இருமாமல் கிடந்ததுதான்.

"வெட்டின இடம் உள்ள வீங்கத்தான் செய்யும், சூடு வரும். உடம்பு தன்னைத்தானே ஆத்திக்குது, அதுக்குப் பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா நுரையீரல்ல சளி தேங்கினா அங்கயும் வீக்கம் வந்துடும். தலகாணியை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு நல்லா இருமுங்க."

மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே ஏற்றும் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருந்தார்கள். அதில் சத்தம் வராது என்பதால் மச்சான் பொறுப்பாகச் செய்தார். இருமச் சொன்னால் மட்டும் பூனை தும்மியது போல ஒன்று வரும், மீதியை விழுங்கிவிடுவார். வாயாடி அக்கா கெஞ்சிப் பார்த்தாள். பயிற்சி கொடுக்க வந்த பெண் முதுகைத் தட்டித் தட்டி ஓய்ந்து போனாள்.

காய்ச்சல் ஏறியது. இடது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிட்டது, சாயங்காலத்துக்குள் சளி வெளியே வராவிட்டால் தொண்டையில் மறுபடி குழாய் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் முகத்துக்கு நேரே போய் நின்றேன்.

"மச்சான், இது ஆஸ்பத்திரி. இங்க யாரும் டேக் எடுக்கல. ஊரே முழிச்சாலும் பரவால்ல, இருமித் தொலைங்க."

அவர் என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தார். அக்கா என்னைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள்.

"நீ சும்மா இருடா. என்னங்க, உங்களுக்கு என்ன பயம்? என்கிட்ட சொல்லுங்க."

மச்சான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "மொதல்ல இருமினப்போ உள்ள டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. கம்பி விட்டுப்போச்சுடி. இன்னொரு தடவை இருமினா நெஞ்சு பிளந்துக்கும்."

"அதை ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?" என்றாள் அக்கா.

"சொன்னா திரும்ப வெட்டுவாங்க. நீ தாங்கமாட்டே."

எனக்குத் திட்டிய வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நான் போய்ச் சொன்னதும் டாக்டரம்மா ஓடிவந்தார். எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து, மெதுவாக இருமச் சொல்லிப் பார்த்தார். எக்ஸ்ரே படமும் எடுத்தார்கள். எலும்பு அசையவில்லை, கம்பியும் உறுதியாக இருந்தது. ஆபரேஷனில் அகட்டி வைத்த விலா எலும்புகள் மூட்டில் பொருந்தும்போது வரும் சத்தமாம் அது. "ஆனா இந்த மாதிரி எது கேட்டாலும் உடனே சொல்லிடணும் சார், மறைக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மச்சான் மரியாதையாகத் தலையாட்டினார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் தொழிலில் சத்தமே இல்லை என்று மற்றவர்கள் சாதிப்பார்கள், பதிவைப் போட்டுக் கேட்டால் அது இருக்கும். படத்தைக் காட்டினால் அவருக்குப் போதாது, காது சொல்ல வேண்டும்.

அக்கா கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். தலகாணியை அவர் நெஞ்சில் வைத்து, பின்னாலிருந்து இரண்டு கையாலும் சேர்த்து அணைத்து, காதை முதுகில் அழுத்தி வைத்தாள்.

"நான் கேக்கறேன். இருமுங்க."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு இருமினார்.

"கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சுங்க. டக்குன்னு."

"உனக்கும் கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு. நான் இறுக்கிப் பிடிச்சிருக்கேன், எதுவும் அசையல. இன்னும் பலமா இருமுங்க."

அவ்வளவுதான், மனிதர் உடைந்து அழுதுவிட்டார். அழுகையோடு சேர்ந்து வந்த இருமலில் எதிர்க்கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கெட்டியாகச் சளி வந்தது, நான்தான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தபடியே நானும் அழுதேன். சாயங்காலம் டாக்டரம்மா வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். காற்று அடிவரை போகிறது, குழாய் தேவையில்லை என்றார்.

அவர் போன பிறகும் அக்கா முதுகிலிருந்து காதை எடுக்கவில்லை.

"போதும்டி, எல்லாம் வந்துடுச்சு" என்றார் மச்சான்.

"அதுக்கில்ல. உள்ள ஒண்ணு அடிச்சுக்கிட்டே இருக்கு பாருங்க, அதைக் கேட்டுக்கிட்டிருக்கேன். கொஞ்ச நேரம் பேசாம இருங்க."