கோப்பையண்ணனின் உத்தியோகத் தூக்கம்

மேலாளரின் கார் வாசலில் திரும்பியதும் கோப்பையண்ணனின் வலது கை சல்யூட்டுக்கு ஏறும். ஏறுகிற வழியில் விரல் காதில் இடிக்கும், காது ஓர் ஆட்டம் ஆடி நிற்கும், கை மடிக்கு இறங்கும். கண் மட்டும் திறக்காது. பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு செங்குத்தாக, தொப்பி நேராக, பதினோரு வருஷமாக மதியம் இரண்டு மணிக்குத் தூங்குகிற காவலாளி அவர். இடி விழுந்தாலும் அசைய மாட்டார். மேலாளர் செருமினால் போதும், தூக்கத்திலேயே சல்யூட் வந்துவிடும்.

அவர் காவல் காப்பது அழகு அறுவை சிகிச்சை ஆஸ்பத்திரி. கோணல் மூக்கு உள்ளே போகும், நேர் மூக்கு வெளியே வரும். அவருடைய காதுகளோ பரிசுக் கோப்பையின் கைப்பிடிகளைப் போல நின்றன. காற்றடிக்கிற நாளில் அண்ணனை நாற்காலியோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்று நர்சுகள் பேசிக்கொள்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் யாராவது போட்டோ எடுத்தால் மட்டும் ஒரு தூணைத் தேடிப் பாதி முகத்தை ஒளித்துக்கொள்வார். அதைப் பெரிய டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"வாசல்லயே இப்படி ஒரு காத வெச்சுக்கிட்டு நான் ஆஸ்பத்திரி நடத்தறேன் பாருங்க. வாங்க, ஒட்ட வெச்சுடறேன்."

பத்து நாளைக்கு முன் இரண்டு காதும் தலையோடு ஒட்டின. கூடவே ஒரு கட்டளை: "உக்காந்த மாதிரியே தூங்கணும். ஒருக்களிச்சுப் படுத்துத் தையல் விட்டுச்சுன்னா, காது பழைய எடத்துக்கே போயிடும்."

"உக்காந்து தூங்கறதா? அதுல நான் பட்டமே வாங்கியிருக்கேன் டாக்டரம்மா."

வீட்டில் நாற்காலி, நான்கு தலையணை, தலையில் முட்டைக்கோஸ் மாதிரி கட்டு. எல்லாம் வந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. இரண்டு நாள் மின்விசிறியைப் பார்த்தே கழித்தார். மூன்றாம் நாள் தாங்காமல் கட்டிலில் சாய்ந்தார். உருண்ட வேகத்தில் இடது காது தலையணையில் மாட்டிக்கொண்டது. துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி ஓடிவந்து நிமிர்த்தினாள். கட்டுத் துணியில் லேசாக ரத்தம் கசிந்திருந்தது. இன்னொரு தடவை உருண்டால் கோப்பைதான்.

"டூட்டில மட்டும் எருமையாட்டம் தூங்கறீங்களாமே. இங்க என்ன கேடு?"

"அங்க தூங்கக் கூடாதுங்கறாங்க, தூக்கம் வருது. இங்க ஆளாளுக்குத் தூங்கு தூங்குங்கறீங்க. வந்தாத்தானேம்மா?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அலமாரியைத் திறந்து காக்கிச் சட்டையை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டாள். நாற்காலியைத் தெருக்கதவுக்கு நேராகப் போட்டாள். தொப்பி கட்டின்மேல் ஏறவில்லை, மடியில் வைத்தாள். பிறகு அவருடைய பூட்சைத் தன் காலில் போட்டுக்கொண்டு, வீடே அதிர இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, தொண்டையைச் செருமினாள்.

"யோவ் வாட்ச்மேன், டூட்டி நேரத்துல தூங்கினே, சீட்டக் கிழிச்சுடுவேன்."

"தூங்கல சார்," என்றார். 'சார்' முடிவதற்குள் வந்த குறட்டையில் ஜன்னல் திரை உள்ளே போய் வெளியே வந்தது.

அதிலிருந்து மனைவிக்கு இரட்டை உத்தியோகம். ஒரு சட்டை தேய்ப்பாள், ஒரு நடை நடப்பாள், ஒரு செருமல். நாலு நாள் கேட்டுப் பொறுக்காத பக்கத்து வீட்டுக்காரி இருமல் மருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். கோப்பையண்ணன் ஒன்றையும் அறியாமல் தூங்கினார். கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியது.

நேற்று மதியம் கட்டுப் பிரிக்க ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்தாள். அண்ணன் கதவுக்கு நேரே நாற்காலியில் டூட்டியில் இருந்தார். தூக்கம் கலையாமல் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுத்தாள். காதுகள் இரண்டும் சாத்திய கதவுபோலத் தலையோடு படிந்திருந்தன.

"எழுப்பட்டுமாக்கா?"

"இரும்மா," என்று மனைவி பூட்ஸ் காலைத் தரையில் ஊன்றிச் செருமினாள்.

கை மேலே ஏறியது. எப்போதும் இடிக்கிற இடத்தில் ஒன்றும் இடிக்கவில்லை. கை அங்கேயே நின்றது. கண்ணைத் திறக்காமலே விரல்கள் பின்னால் துழாவிப் போய்க் காதைக் கண்டுபிடித்தன. பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல அதை இரண்டு தட்டு மெல்லத் தட்டிவிட்டு, கை மடிக்கு இறங்கியது.