ஒரே பாட்டிலில் இரண்டு டப்பா பொடி

என் இடுப்பை அளக்க வந்த பெண்ணுக்கு இஞ்ச் டேப் பிடிக்கத் தெரியவில்லை. இந்தத் தீவில், ஜங்லிகாட்டில் இருபது வருடமாகத் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். ஒருத்தி டேப்பை எடுக்கும் விதத்தைப் பார்த்தே அவள் தைக்கும் ஜாக்கெட் எந்த இடத்தில் இழுக்கும் என்று சொல்லிவிடுவேன். இவள் சுடிதாருக்கு மேலேயே டேப்பைச் சுற்றினாள். முதுகுப் பக்கம் அது இரண்டு விரல் கீழே தொங்கியதைக் கவனிக்கவில்லை. போதாக்குறைக்கு, இந்தியில் "ஆண்ட்டி, சாஸ் ரோக்கியே" என்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டால் யார் இடுப்புதான் குறையாது? வந்த அளவைப் புள்ளி வைத்துச் சுத்தமாகப் படிவத்தில் எழுதிக்கொண்டாள். அவர்கள் விஞ்ஞானத்தின் மீது எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றே போய்விட்டது.

மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு கம்பெனி, எங்கள் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு இந்தச் சோதனையை நடத்தியது. காய்கறிகளைக் காயவைத்து அரைத்த பச்சைப் பொடி. காலையும் மாலையும் ஒரு கரண்டி வெந்நீரில் கலந்து பன்னிரண்டு வாரம் குடித்தால் உடம்புக் கொழுப்பு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். குண்டாக இருக்கும் நாற்பது பேரைப் பிடித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜப் பொடி, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே வாசனையில் டம்மிப் பொடி. டப்பாவில் நம்பர் மட்டும்தான் ஒட்டியிருக்கும்.

"ஐலண்ட் மக்கள் காய்கறி குறைவாகச் சாப்பிடுகிறார்கள்" என்று முதல் நாள் மேனேஜர் மைக்கில் பேசினார். பெரிய கண்டுபிடிப்பு. கப்பல் இரண்டு நாள் தாமதமானால் தக்காளியைப் பார்த்துவிட்டு மட்டும் வீடு திரும்புகிற ஊர் இது. கத்தரிக்காய் கிடைக்காத ஊருக்குக் கத்தரிக்காய்ப் பொடியை விமானத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எங்களுக்கு உணவைப் பற்றிப் பாடம் எடுத்தார். எல்லோருக்கும் ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். கைதட்டினோம். நானும் தட்டினேன்.

இவ்வளவு இளக்காரம் இருந்தும் நான் போனதற்குக் காரணம் என் வயிறு. தொப்புளுக்கு மேலே எலுமிச்சை அளவுக்கு ஒரு குடலிறக்கம். இருமினால் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், மெஷினைத் தொடர்ந்து மிதித்தால் அரை மணியில் சுருக்கென்று இழுக்கும். அதே கிளினிக்குக்கு மெயின்லேண்டிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் சர்ஜன் பார்த்துவிட்டு, "இந்த எடையில் தைத்தால் திரும்பப் பிய்த்துக்கொள்ளும். அடுத்த முறை நான் வரும்போது பத்துக் கிலோ குறைந்திருந்தால் ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தையல் பிய்வதைப் பற்றி எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு அந்த ஆபரேஷன் வேண்டும். அதற்காக எந்தப் பச்சைத் தண்ணீரையும் குடிக்கத் தயாராக இருந்தேன்.

என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். அவருக்கும் தொப்பை உண்டு. ஆனால் அதனால் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டையும் திறந்து முகர்ந்தேன். இரண்டிலும் காய்ந்த முருங்கைக்கீரை வாசனைதான். எனக்கு விழுந்தது டம்மியாக இருந்தால் என் ஆபரேஷன் போச்சு. அவருக்கு விழுந்த நிஜம் சும்மா ஒரு தொப்பைக்குப் போய் வீணாகும். யோசித்துப் பார்த்தேன். பெரிய ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, இரண்டு டப்பாவையும் அதில் கொட்டிக் குலுக்கிவிட்டேன். பாதி மருந்தாவது என் வயிற்றுக்குப் போகட்டும்.

"அடியே, கலக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க?" என்றார் அவர்.

"டேப் பிடிக்கத் தெரியாதவங்க சொன்னதைக் கேக்கணுமா? குடிங்க" என்றேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புது டப்பாக்கள் வரும். வந்த அன்றே பாட்டிலுக்குள் போய்விடும். காலி டப்பாக்களைத் துடைத்து நம்பர் தெரியும்படி திருப்பிக் கொடுப்பேன். அந்தப் பெண் எண்ணிப் பார்த்து டிக் போடுவாள்.

இரண்டாவது வாரத்தில் என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் நின்றுபோனது. ஒரு பாகம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார். கப்பல் வந்தது, பாகம் வரவில்லை. அடுத்த கப்பலில் வந்தது வேறு மாடலுக்கு. ஆட்டோவுக்குக் கொடுக்க மனசில்லாத மனுஷன், இந்த ஊரின் மேட்டிலும் பள்ளத்திலும் ஆபீசுக்கு இரண்டு மாதம் நடந்தே போய்வந்தார். நான் அவருடைய நான்கு பேண்ட்டையும் இடுப்பில் பிரித்துப் பிடித்தேன், மூன்று வாரத்தில் மறுபடியும் பிடித்தேன். ஒரே பாட்டில், ஒரே கரண்டி. எனக்கோ பழைய பாவாடை நாடாவில் போட்ட முடிச்சு ஒரு விரல்கூட நகரவில்லை. எரிச்சலாக இருந்தது. அந்த மனுஷன் வியர்த்து வந்து சோறு கேட்டால்கூட எரிச்சலாக இருந்தது.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் மேனேஜர் விமானத்தில் வந்தார். நம்பர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரின் டப்பா நிஜமாம், என்னுடையது டம்மியாம். அவர் ஏழு கிலோ குறைந்திருந்தார், நான் அப்படியே இருந்தேன். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். ஒரே வீடு, ஒரே சமையல், ஒருவர் மெலிந்தார், ஒருவர் மெலியவில்லை, இதைவிட நல்ல ஜோடி கிடைக்குமா என்று என் வீட்டுக்காரரைச் சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுத்தார். அவரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். அவர்கள் படிவத்தில் உறக்கத்துக்குக் கட்டம் இருந்தது, சிகரெட்டுக்கு இருந்தது, ஸ்கூட்டருக்கு இல்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. உள்ளே போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பாட்டிலையும் ஸ்கூட்டரையும். சொல்லும்போது எனக்கு ஆனந்தமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அவருடைய ஜோடி நாற்பது பேருக்கு முன்னால் கிழியப் போகிறது என்று நினைத்தேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். கோபப்படவே இல்லை.

"பாதி டோஸ்தானே மேடம் எடுத்திருக்கீங்க? அதனாலதான் உங்களுக்குக் குறையல" என்றார். "சர்ஜன் எப்போ வர்றார்?"

"ஒன்றரை மாசம் இருக்கு."

"முழு டோஸ் எடுத்துப் பாருங்களேன். நாலு டப்பா தர்றேன், எல்லாம் ஒரிஜினல்." பிறகு ஒரு தாளை நகர்த்தினார். நாங்கள் இருவரும் அவரவர் டப்பாவிலிருந்து மட்டுமே எடுத்துக் குடித்தோம் என்று அதில் எழுதியிருந்தது. "இது ஒரு ஃபார்மாலிட்டி."

அந்த ஊறுகாய் பாட்டில் என் அடுப்படியில்தான் இருந்தது. அதிலிருந்து குடித்து நான் குறையவில்லை. அந்தப் பொடி ஒன்றுக்கும் உதவாது என்பதற்கு இந்தத் தீவில் என்னைவிட நல்ல சாட்சி யாரும் கிடையாது. ஆனால் முழு டோஸ் என்ற அந்த ஒரு வார்த்தை காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருவேளை, ஒருவேளை என்று மனசு அடித்துக்கொண்டது. கையெழுத்துப் போட்டேன். நாலு டப்பாவையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். "என்ன அது?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "நூல்கண்டு" என்றேன்.

ஒரு கரண்டிகூடச் சிந்தாமல் குடித்தேன். அவருக்குத் தரவில்லை.

சர்ஜன் வந்த அன்று கிளினிக்கில் உட்கார இடமில்லை. என் முறை வந்து எடை மெஷினில் ஏறினேன். போன தடவையைவிட முக்கால் கிலோ கூட. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நெக்ஸ்ட் விசிட் பார்க்கலாம்" என்றார். வெளியே வந்து, சீட்டு எழுதித் தரும் வரை காத்திருக்கச் சொன்ன பெஞ்சில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே சுவரில் கம்பெனி விளம்பரத்தில் என் வீட்டுக்காரரின் போட்டோ, கையில் பச்சை டப்பாவோடு.

பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்து வேலை, இந்த சர்ஜனைப் பார்க்கவே கப்பலேறி வந்திருக்கிறாள். பேசும்போது அவளும் வயிற்றை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டுதான் பேசினாள். அவளிடமும் எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, காலையில ஒங்களோட வந்து ஒங்கள எறக்கிவுட்டுட்டுப் போனாரே, அவருதானே இந்தப் படத்துல இருக்கறது?"

"ஆமா, என் வீட்டுக்காரர்."

"அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தப் பவுடரு நெசமாவே கொறைக்குதா அக்கா? தோட்டத்துல எல்லாரும் கேட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க. நீங்க சொன்னா வாங்கிக்கிட்டுப் போவேன்."

இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால், அப்படியானால் அவர் எப்படி மெலிந்தார் என்று கேட்பாள். ஸ்கூட்டரைச் சொல்ல வேண்டும், பாட்டிலைச் சொல்ல வேண்டும். பிறகு அந்தக் கையெழுத்தையும், கையெழுத்துக்கு வாங்கிய நாலு டப்பாவையும், யாருக்கும் தெரியாமல் அதை நக்கித் தீர்த்ததையும் சொல்ல வேண்டும். இத்தனை நாள் அந்த மேனேஜரை, டேப் பிடித்த பெண்ணை, கைதட்டிய நாற்பது பேரைக் கேவலமாகப் பேசிக்கொண்டிருந்த வாய் அதைச் சொல்ல மறுத்தது.

"குறைக்கும்" என்றேன். "முழு டோஸ் எடுக்கணும்."

அவள் கப்பல் டிக்கெட்டைத் திருப்பிப் போட்டு, படத்தைப் பார்த்துப் பார்த்து பொடியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டாள். எழுதியது சரியா என்று என்னிடம் காட்டினாள். சரி என்றேன்.